கேட்டோரத்து வரிசை

பீட்டர் மூன்றடிதான் தோண்டியிருந்தான். குழிக்குள் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்தான்; இறைக்க இறைக்க ஏறியது.

"இதுல பொட்டிய எறக்குனா மெதக்கும், மோசஸண்ணே."

கல்லறைத் தோட்டத்தில் இடம் குறிப்பது சபைச் செயலாளர் மோசஸின் தனி அதிகாரம். கேட்டோரமாகக் குழி வரிசை வந்தால் கார்க்காரர்களுக்குச் சேறு மிதிக்கும் சிரமமில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. இப்போது தன் செருப்புச் சேற்றையே ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஷைனி அப்பா எபினேசரின் பெட்டியைப் பார்த்தாள். அவர் வீட்டில் டீ குடித்த எவனும் அந்தப் படத்தைப் பார்க்காமல் தப்பியதில்லை. தேர்வாய் ஊருக்குள் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு விமானத்திலிருந்து எடுத்த கறுப்புவெள்ளைப் படம். நிலம் அளக்க வந்த ஆராய்ச்சிக்காரர்கள், அளவுகோல் பிடித்த அவருக்குக் கூலியோடு ஒரு பிரதியும் கொடுத்துப் போனார்கள். அதில் மெல்லிய கோடுகள் எண்ணூறு வருஷத்து வரப்புகளாம். கறுத்த பட்டை தூர்ந்த வாய்க்காலாம்.

போன கத்திரி வெயிலில் ஷைனியின் அம்மாவுக்கு இதே வரிசையில் குழி வெட்டியபோது, எபினேசர் படத்தோடு வந்து நின்றார்.

"இது பழைய வாய்க்கா. மழ வந்தா அடில தண்ணி நிக்கும். மோட்டுல வைங்க."

"சோழன் வெட்ன வாய்க்காலா? மீன் புடிக்கலாமா பெர்சு?" என்றார் மோசஸ்.

ஊரே சிரித்தது. ஷைனி சிரிக்கவில்லை. "மானத்த வாங்காம வா நைனா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

இன்று காலை பைபிளோடு அந்தப் படத்தையும் அவர் நெஞ்சில் வைத்தவளும் அவள்தான்.

"பொட்டிய தொறங்க. படம் வேணும்."

"ஜெபம் பண்ணி மூடுனதம்மா. தொறக்கறது சபைல வயக்கமில்ல."

"அப்ப நீங்களே எறங்கி மீன் புடிங்கண்ணே."

திறந்தார்கள். படத்தின்மேல் இருபது தலைகள் கவிழ்ந்தன. எபினேசர் இருந்தபோது இத்தனை பேர் விரும்பிப் பார்த்ததில்லை. ஏரி மதகிலிருந்து ஷைனியின் விரல் கறுத்த பட்டையோடு நகர்ந்தது. அது கேட்டோரம் வளைந்து, வரிசை நெடுகக் கீழே போனது. விரல் அங்கே கொஞ்சம் நின்றது.

"மோட்டு மூல" என்றாள். "காம்பவுண்டாண்ட."

அந்த மேட்டில் ஆறடிக்கும் மண் பொலபொலவென்று வந்தது. அப்பாவை இறக்கினார்கள். "நான் அப்பவே நெனச்சேன்" என்றபடி மோசஸ் படத்தைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

வேன் ஹாரன் அடித்தது. கேட்டோரம் அம்மாவின் சிமென்ட் சிலுவையில் ஈரம் பெயர்வரை ஏறியிருந்தது. பக்கத்தில் பாதியில் விட்ட குழி, பீட்டரின் வாளி.

ஷைனி முந்தானையைச் செருகிக்கொண்டு அந்தக் குழியிலிருந்து ஒரு வாளி மொண்டு கொட்டினாள். மறுபடி மொண்டாள்.