கோழிக்குப் போன பஸ்கா அரிசி

என் மாமியார் புலோர், பஸ்கா பண்டிகைக்கென்று பொறுக்கி வைத்திருந்த அரிசியை என் மகள் அதினோ கோழிகளுக்குக் கொட்டிவிட்டாள். பண்டிகையில் புளித்த தானியம் ஆகாது என்பதால், ஒரு கோதுமை மணிகூடத் தங்கிவிடாமல், வெள்ளைத் துணியில் பரப்பி மூன்று தடவை பார்த்த அரிசி. புகாராவில் எங்கள் தெருப் பெண்கள் வருஷா வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொள்வது இதற்காகத்தான்.

“யாருடி இப்படிச் செய்யச் சொன்னது?” என்றார் மாமியார்.

“சித்திதான். பஸ்காவுல வீட்ல அரிசியே இருக்கக் கூடாதாம்.”

சித்தி என்றால் ஃபைனா. என் கொழுந்தன் அம்னூன் தாஷ்கண்டில் படிக்கப்போன இடத்தில் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் வீட்டார் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். பஸ்கா முடியும்வரை அரிசியைத் தொடமாட்டார்கள். புகாரா யூதர்களான எங்களுக்கோ அரிசி இல்லாமல் பண்டிகையே இல்லை. ஜெபாலயத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் பண்டிகைப் பாடம் நடத்த அவளை வைத்திருந்தார்கள். புளித்த மாவை வீட்டிலிருந்து எப்படி நீக்குவது என்று சொல்லிக்கொடுத்தவள், தன் அம்மா வீட்டு வழக்கத்தையே எல்லோருக்குமான சட்டமாகச் சொல்லிவிட்டாள். இங்கே அவளுக்கு இது முதல் பஸ்கா.

மாமியார் முற்றத்தின் நடுவில் நின்று, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

“என் மாமியார், அவங்க மாமியார் எல்லாரும் பாவிங்க. தாஷ்கண்ட் மகாராணி வந்துதான் நமக்கு வேதம் சொல்லணும்.”

“பாவம்னு சொல்லலை அத்தை. உங்க வழக்கம் எனக்குத் தெரியாது.”

“தெரியாதவளுக்கு வாத்தியார் வேலை எதுக்கு? உருளைக்கிழங்கு தின்னு வளர்ந்த கூட்டம்.”

“எங்க வீட்ல மருமகளைத் திட்டினா அவளை மட்டும்தான் திட்டுவாங்க. கூட்டத்தை இழுக்க மாட்டாங்க.”

மாமியார் முகம் சிவந்தது. “நாளைக்கு விருந்துல, அத்தனை பிள்ளைங்களும் பார்க்க, நான் போடற சோத்தை நீ சாப்பிடணும். இல்லேன்னா உனக்குப் பாடமும் கிடையாது, இந்த வீடும் கிடையாது.”

எனக்கும் ஃபைனா மேல் கோபம்தான். அன்று முழுக்க உட்கார்ந்து மறுபடி அரிசி பொறுக்கியவள் நான். பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் அவளும் புருஷனும் பேசியது காதில் விழுந்தது.

“ரெண்டு வாய் சாப்பிட்டுடேன், தீர்ந்துது” என்றான் அம்னூன்.

“உனக்கு அது ரெண்டு வாய். பட்டினி கிடந்த வருஷத்துலயும் எங்கப்பா பஸ்காவுல அரிசியைத் தொடலை. அவர் செத்து இன்னும் வருஷம்கூடத் திரும்பலை.”



மறுநாள் பொழுது சாய்ந்ததும் ஊர் யூதர்கள் எல்லோரும் ஜெபாலயத்துக் கூடத்தில் உட்கார்ந்தோம். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் பட்ட அடியை நினைத்து, நன்றிப் பாட்டு பாடும்போது நாங்கள் வெங்காயத் தாளால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வோம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். மாமியார் ஒரு கட்டுத் தாளையே கையில் எடுத்தார். ஃபைனாவின் கழுத்தில் அது விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பாடியவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஃபைனா நிதானமாக ஒரு தாளை எடுத்து மாமியாரின் தலைமுக்காட்டில் ஓங்கி அடித்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பிறகு சாப்பாடு. கொத்தமல்லி போட்ட பச்சைச் சோற்றை மாமியார் ஃபைனாவின் தட்டில் குவித்தார். “சாப்பிடு, டீச்சரம்மா.”

ஃபைனா தட்டைத் தொடவில்லை. எதிரே இருந்த ஜெபாலயத்துக் குரு, ரபி ஹிஸ்கியோ தொண்டையைச் செருமினார். “கல்யாணமான பொண்ணுக்குப் புருஷன் வீட்டு வழக்கம்தாம்மா.”

“சரி ரபி. ஆனா அதைப் புருஷன்ல சொல்லணும்? இவர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே.”

அத்தனை தலையும் அம்னூன் பக்கம் திரும்பியது. அவன் வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கினான்.

“புருஷன் விலக்குத் தரலாமா ரபி?”

ரபி என் மாமியாரைப் பார்த்தார். அப்புறம், “தரலாம்” என்றார்.

“அப்போ தர்றேன். அவ அவங்கப்பா வழக்கப்படியே இருக்கட்டும்.” சொல்லிவிட்டு அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் குவியலையும் சாப்பிட ஆரம்பித்தான்.

“பண்டிகை முடிஞ்சதும் வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போயிடு” என்றார் மாமியார்.

“சரிம்மா” என்றான் அம்னூன்.

சாவியைக் கொடுத்துவிட்டு, சந்தைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்துப் போனார்கள். மாமியார் வீடு வீடாக ஏறி இறங்கினார். அந்த ஞாயிறு பாடத்துக்கு யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. நான் மட்டும் அதினோவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏன் என்று என்னைக் கேட்டால் நேராகப் பதில் சொல்லத் தெரியாது. வாய் நிறையச் சோற்றோடு அவன் “சரிம்மா” என்றது காதிலேயே இருந்தது. என் புருஷன் எனக்காக அப்படி ஒரு தடவையும் சொன்னதில்லை.

காலி பெஞ்சுகளுக்கு நடுவில் ஃபைனா எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள். “அத்தைக்குத் தெரியுமாக்கா?”

“இந்நேரம் தெரிஞ்சிருக்கும். நீ பாடத்தை ஆரம்பி.”

அரிசி சாப்பிடுகிற வீடும் உண்டு, சாப்பிடாத வீடும் உண்டு, இரண்டும் யூத வீடுதான் என்று ஒரே ஒரு பிள்ளைக்குச் சத்தமாகச் சொல்லிக்கொடுத்தாள்.

நாங்கள் வீடு திரும்பியபோது மாமியாரும் நானும் சேர்ந்து சமைக்கும் பொதுச் சமையலறை பூட்டியிருந்தது. என் பாத்திரங்கள் எல்லாம் முற்றத்தில் கிடந்தன.