அக்கா என்றொரு கோழி

தம்பி கோழிகளுக்குப் பெயர் வைத்திருந்தான் என்பதே அவன் இறந்துபோய்ப் பத்து நாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அஞ்சுக்கும் பேரு உண்டும்மா," என்றார் தீவனக்கடைக்காரம்மா. அவருடைய கடை மாடியில் இருந்த ஒற்றை அறையில்தான் தம்பி கடைசி ஒன்றேகால் வருஷம் குடியிருந்தான். "மாமா, மேனேஜர், வாயாடி, ஸ்டார்ட்டிங், அக்கா. எது எதுன்னு என்னைக் கேட்காதீங்க, எனக்கு எல்லாம் கோழிதான். உங்க தம்பி குரல் கேட்டா அதது பேருக்கு அதது வந்து நிக்கும். ஒண்ணு சொல்லணும், கோழிங்ககிட்டப் பேசுறப்போ அவருக்குத் திக்கவே திக்காது."

ஸ்டார்ட்டிங் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தன்னை 'மாமா' என்று கூப்பிடும், திக்கித் திக்கிப் பேசும் மைத்துனனுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் அது. ஸ்டார்ட்டிங் டிரபிள், கிளம்ப மறுக்கிற வண்டி மாதிரி. தம்பி வாயைத் திறந்தால் போதும், "சோக்கை இழுடா", "கொஞ்சம் தள்ளி விடவா?" என்று ஆரம்பித்துவிடுவார். வந்த விருந்தாளிகள் சிரிப்பார்கள். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான். அவள் தண்ணீர் எடுத்துவர எழுந்து போவாள்.

இரண்டு அட்டைப்பெட்டிகளில் கோழிகளை வாங்கிக்கொண்டு வந்தாள். கணவர் வாசலிலேயே நின்றார்.

"என்ன, சொத்து வந்து சேர்ந்துடுச்சா?"

"அஞ்சுதான். பின்னாடி கார் ஷெட்ல விட்டுக்கிறேன்."

"விடு, விடு. முட்டை போட்டா எனக்கு ஆம்லெட். போடலைன்னா..." தம்பியை எடுத்த அன்றைக்கு அவரும்தான் சுவரில் சாய்ந்து அழுதார். அது பொய் அழுகை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே அவரை வெறுக்கவும் முடியாமல் தவித்தாள்.

ஷெட்டில் கிடந்த பழைய 'எல்' போர்டுகள் இரண்டைக் கூரையாகப் போட்டு, கம்பிவலை அடித்து, ஒரு கூண்டு கட்டினாள். அன்றைக்கே மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். இந்த ஐந்தில் ஒன்றுகூடச் சாகக் கூடாது. ஏற்கெனவே ஒருத்தனை விட்டாயிற்று.

நூலகத்தில் அவளுக்கு மதியம்தான் வேலை. காலையெல்லாம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கறுப்புப் பெட்டை. கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். தீனி வைத்ததும் தட்டின் நடுவில் ஏறி நிற்கும். தான் தின்னாவிட்டாலும் மற்றவை தின்பதைப் பொறுக்காது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி போன பிறகு வந்த முதல் சிரிப்பு. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேனேஜர், வாசற்படியில் நின்று எல்லாரையும் மேற்பார்வை பார்க்கும்; மண்ணைக் கிளறுகிற வேலை மட்டும் அதற்கு ஆகாது. வாயாடி, அடுத்த கோழி இட்ட முட்டைக்கும் தானே கொக்கரித்து ஊரைக் கூட்டும். மிச்சம் இரண்டு. ஒன்று சின்னது, வெள்ளையில் புள்ளி போட்டது. அதன் முதுகில் இறகே இல்லை, கொத்திக் கொத்தித் தோல் சிவந்திருந்தது. அது யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று பழுப்பு. சின்னதோடு ஒட்டி ஒட்டித்தான் நிற்கும், சேர்ந்துதான் மண்ணில் புரளும். ஆனால் மாமா கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தால் பழுப்பு இரண்டடி தள்ளிப் போய், திரும்பி நின்று, தலைபோகிற வேலை இருப்பதுபோல் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடும். பின்னால் சின்னது கத்தும். பழுப்பு கிளறிக்கொண்டே இருக்கும். அங்கே புழுவும் இருக்காது, ஒன்றும் இருக்காது.

அவள் முக்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த ஐந்தாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் சின்னதின் முதுகில் ரத்தம் கசிந்தது. மஞ்சள் தடவி, பின்கட்டில் ஒரு பெட்டியில் தனியாக வைத்தாள். தனித்தட்டு, தனித்தண்ணீர். இரண்டே நாளில் அது நிமிர்ந்து நின்று தின்றது. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு நிம்மதி. தம்பிக்கும் இதைத்தானே செய்தாள்? கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வருகிறவன் ஒரு வாய்ச் சோற்றை நிம்மதியாகத் தின்னட்டும் என்றுதானே, அவளே அலைந்து அந்த அறையைப் பார்த்துக் கொடுத்தாள்?

வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது அவன் ஏதோ சொல்ல வந்தான். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"அ... அப்புறம்... நீ..."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வரேன்டா, போ," என்றாள். அவன் வாக்கியங்களைச் சின்ன வயதிலிருந்து அவள்தான் முடித்துக் கொடுப்பாள். அதைப் பாசம் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். அவன் அவளையே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான், போனான். ஒன்றேகால் வருஷத்தில் அவள் போனது நான்கு ஞாயிற்றுக்கிழமை.

மூன்றாம் நாள் காலை தீனியோடு போனவள் அப்படியே நின்றாள். பழுப்பின் கொண்டையில் ரத்தம். மாமா அதை மூலையில் நெருக்கி வைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. வாயாடியும் தன் பங்குக்கு ஒரு கொத்து.

தீவனக்கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"கொத்து வாங்குறதைப் பிரிச்சீங்களா? பிரிக்கலாமா அப்படி? அது இல்லைன்னா அடுத்ததைக் கொத்தும். கொத்துற வாய் சும்மா இருக்குமாம்மா?"

"வேற என்ன பண்ணணும்?"

"கொத்துறதைத் தூக்கி நாலு நாள் தனியாப் போடுங்க. திரும்ப விடுறப்போ அது புதுசா வந்த ஆள் மாதிரி ஒதுங்கி நிக்கும். உங்க தம்பிக்கும் இதையேதான் சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சாரு பாருங்க, அப்படிச் சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எதுக்குச் சிரிச்சாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை."

போனை வைத்ததும் தம்பி வாசலில் பாதியில் விட்டுப்போன வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. அப்புறம் நீ. எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை. நான் போய்விட்டால் அடுத்தது யார் என்று கேட்டிருக்கிறான். அவன் வீட்டை விட்டுப் போன அந்த வாரத்திலிருந்தே சாப்பாட்டு மேசையில் பேச்சு அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவள் நடை, அவள் மறதி, அவள் வாங்கிவந்த கத்தரிக்காய். அதைத் தெரிந்துகொண்டே அவன் அவ்வளவு வருஷம் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தானா? அந்த வாக்கியத்தை அவன் வாயாலேயே முடிக்க விட்டிருந்தால் தெரிந்திருக்கும். அரை நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கறுப்பைப் பிடிப்பதற்குள் கையெல்லாம் கீறல். கூடைக்குள் போட்டு மூடும்போது கணவர் பின்னால் வந்து நின்றார்.

"அதை ஏன் அடைக்கிறே?"

"கொத்துது."

"அடிபட்டதைத்தானே தனியா வைக்கணும்? உலகத்துல இல்லாத முறையா இருக்கே."

"அதைத்தான் முன்னாடி செஞ்சேன். தப்பு. இதுக்குப் பேரு..." அவளுக்கு வார்த்தை வரவில்லை. உதடு துடித்தது.

"என்ன, உனக்கும் ஸ்டார்ட்டிங் டிரபிளா?"

தண்ணீர்க் குழாய் நாலடியில் இருந்தது. அவள் போகவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, வார்த்தை வரும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு மாமா. அவன் வெச்ச பேரு. அவனைக் கொத்துனது நீங்க, வீட்டை விட்டு அனுப்புனது நான்."

"தமாஷுக்குத்தானே பேசுனேன்," என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

அவள் தீனித்தட்டை வைத்து, "அக்கா," என்றாள். சொந்தக் குரலில் அது யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. ரத்தம் காய்ந்த கொண்டையோடு பழுப்பு ஓடிவந்து அவள் கால் விரலருகே நின்றது.

பிறகு பின்கட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கூண்டு வாசலில் திறந்து வைத்தாள். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளால் முடியவில்லை. சின்னது தலையை நீட்டியது, இழுத்துக்கொண்டது, மறுபடியும் நீட்டியது. ஒரு கால் வெளியே வந்து அந்தரத்தில் நின்றது. கையை விட்டு எடுத்து உள்ளே விட ஒரு நொடி போதும். அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, அது தானாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். நூலகத்துக்குக் கிளம்புகிற நேரமாகிக்கொண்டிருந்தது.