தலைக்கவசம் தரையில்

அந்த டாக்டர் ராணுவ முகாமுக்கு வந்த நாளிலிருந்தே சிப்பாய் நெட்டைக்கு அவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மனசுக்கான டாக்டர். உடம்பு களைக்கும்போதே மூளையையும் களைக்க வைத்துப் பழக்கினால் சிப்பாய் இரண்டு மடங்கு தாங்குவான் என்பது அவர் கட்சி. முதுகில் மணல் மூட்டையோடு சைக்கிள் மிதிக்க வேண்டும். எதிரே திரையில் சிவப்பு வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், பச்சை வந்தால் கை அசையக் கூடாது. தவறினால் முதலிலிருந்து. நடுவில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொல்லிக்கொடுப்பார்: "வலிங்கிறது வெறும் செய்தி. உத்தரவு இல்ல. கேட்டுக்கிட்டுப் போய்க்கிட்டே இருங்க."

பலன் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்பு பாதி வழியில் நாக்குத் தள்ளியவர்கள் இப்போது மலையைச் சுற்றிவிட்டுப் பேசிக்கொண்டே வந்தார்கள். ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா? மாப்பிள்ளைக்கு அந்த அளவு இல்லாமல் போய்விட்டது.

மாப்பிள்ளை என்றால் நெட்டையின் தங்கை புருஷன். இருவரும் ஒரே படைப்பிரிவில் இருந்ததால் அங்கிருந்த அத்தனை பேருக்குமே அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். சமையல்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். சிறப்புப் பிரிவுக்குத் தேர்வானால் குடும்பத்தோடு இருக்க வீடு கிடைக்கும். தங்கையோ வயிற்றுப் பிள்ளையோடு பிறந்த வீட்டில், அம்மாவுடன் ஒரே அறையில் முடங்கிக் கிடந்தாள். அந்த வீட்டுக்காக மாப்பிள்ளை டாக்டர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

தேர்வு நாள் வந்தது. இரண்டிரண்டு பேராகச் சுமையோடு மலைப்பாதையைச் சுற்ற வேண்டும். யாரும் நிறுத்த மாட்டார்கள். முடியாதவன் தன் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்க வேண்டும்; வைத்தால் ஜோடியே வெளியே. முடிவு சிப்பாயின் மனதிலிருந்து வர வேண்டுமாம். வைக்கவே கூடாது என்று மாதக்கணக்கில் காதில் ஓதிவிட்டு, வைப்பது உன் இஷ்டம் என்று விதி போட்ட புத்திசாலியை என்னவென்று சொல்வது?

கடைசிச் சுற்றில் மாப்பிள்ளை வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாப்பிள்ளை, நில்லு. கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல மச்சான். வெறும் செய்தி." சிரித்தான்.

"எப்பலேருந்து?"

"போன வாரத்துலேருந்து. வாயைத் திறந்தே, அப்புறம் நமக்குள்ள பேச்சே இல்ல."

இன்னும் ஒரு மேடு, ஓர் இறக்கம், அவ்வளவுதான். விட்டால் தங்கைக்கு வீடு வரும். புருஷன் முழுசாக வருவானா என்பது வேறு கதை. நிறுத்தினால் வீடு போகும். எதைச் செய்தாலும் அவள் தலையில்தான் விடியும். மேட்டில் கால் வைத்தபோது மாப்பிள்ளையையும் மீறி ஒரு முனகல் வந்தது. நெட்டை தன் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தான்.

மாப்பிள்ளை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "எடுடா அதை. எடுத்து மாட்டுடா."

பின்னால் வண்டியில் வந்த டாக்டர் இறங்கி, நெட்டையை மேலும் கீழும் பார்த்தார். "உங்க உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் தளர்ந்துடுச்சு. இவருக்கு அடுத்த தடவை வேற ஜோடி போடலாம்."

"அவன் பூட்ஸைக் கழட்டிப் பாருங்க சார்."

"அவரே ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல விட்டு வச்சிருந்தாத்தானே சொல்லுவான்?"

டாக்டர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "வலி இருக்கா?"

"இல்ல சார்." அதிகாரி கேட்டால் விறைத்து நின்று பதில் சொல்வதுதான் சிப்பாய்க்குப் பழக்கம். மாப்பிள்ளை வலது காலைத் தூக்கி ஓங்கித் தரையில் வைத்தான். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

கீழே விழுந்தவன், "முடியும் சார்" என்றான்.

நெட்டைக்கு அந்த ஆளை அங்கேயே வெளுத்து வாங்கக் கை துடித்தது. அதற்கு இப்போது நேரமில்லை. மாப்பிள்ளையின் சுமையையும் தன் சுமையையும் கழற்றி வீசிவிட்டு, அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான்.

"கதவைத் திற," என்றான் டாக்டரைப் பார்த்து. சார் போடவில்லை.

முதுகில் கிடந்தவன் அவன் தோளில் மாறி மாறிக் குத்தினான். "வீடு போச்சேடா பாவி. அவகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?" குத்துகள் மெல்லக் குறைந்தன. பிறகு நின்றுவிட்டன. காதோரம் மூச்சு மட்டும் சுட்டது.

"மச்சான், வலிக்குதுடா."

"சத்தமாச் சொல்லு," என்றான் நெட்டை. "அந்த ஆளுக்குக் கேக்கட்டும்."