இரண்டு ஆம்ப், ஒரு சோபா

டெக்சஸின் காப்பெல்லில் வீடு வாங்கியதிலிருந்து வேலுமணிக்கு, பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி ட்யூப் வைத்த ஆம்ப்ளிஃபயர், ஒரு ட்யூப் ஆம்ப் வாங்க ஆசை. பாட்டு கேட்டால் பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், நெஞ்சில் வந்து மோத வேண்டும். எதை வாங்குவது என்று இணையத்தில் படிக்கப் போய் தலை சுற்றியதுதான் மிச்சம். ட்யூப் ஆம்ப்பில் பேஸ் தொளதொளவென்று இருக்கும் என்றார் ஒருவர். உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருந்தால் அப்படி இருக்காது என்றார் இன்னொருவர். வாட்ஸ் அதிகம் வேண்டும் என்றும், வாட்ஸே முக்கியமில்லை என்றும் சண்டை வேறு.

பக்கத்து ஊரான பிளேனோவில் சுந்தரராமன் அங்கிள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். கலிஃபோர்னியாவில் மகள் இருக்கும் ஃப்ரீமாண்ட்டுக்குப் போகிறார். அவரிடம் இரண்டு ட்யூப் ஆம்ப் இருந்தன. ஒன்று ஆள் பிடித்துத் தூக்க வேண்டிய கனம். மற்றது சின்னது, பல்பு மாதிரி இரண்டு பெரிய ட்யூப் மட்டும். அவர் வீட்டில் இரண்டிலும் பேஸ் அபாரமாக இருந்தது.

"ரெண்டையும் எடுத்துண்டு போங்கோ வேலு. உங்க ஸ்பீக்கர்ல கேளுங்கோ. எது பிடிக்கறதோ அத வாங்கிக்கோங்கோ, மத்தது என்னோட வரட்டும்" என்றார்.

வேலுமணி தன் வீட்டில் பெரியதை மாட்டிவிட்டு சோபாவில் உட்கார்ந்தான். பாடகர் குரல் தெளிவாக வந்தது. பேஸைக் காணோம். சின்னதை மாட்டினான். அதே கதை. ஒயரை மாற்றினான், ட்யூப்களைக் கழற்றித் திரும்பச் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை.

சமையலறையிலிருந்து மனைவி எழிலரசி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கொஞ்சம் குறைங்க. டம்டம்னு இடிக்குது. ஷெல்ஃபுல டம்ளரெல்லாம் ஆடுது."

"பேஸே இல்லைன்னு நான் மண்டைய ஒடச்சிட்டிருக்கேன். நீ இடிக்குதுங்கற!"

"இடிக்குதுங்க! உங்களுக்குக் கேக்கலையா?"

அந்தக் கேள்வி அவனைக் கலக்கிவிட்டது. சோமனூரில் விசைத்தறிச் சத்தத்திலேயே கிடந்த அவன் அப்பாவுக்கு ஐம்பது வயதில் காது மந்தமாகிவிட்டது. முதலில் கனமான சத்தம்தான் போனது என்று அப்பா சொன்னாரா, கீச்சுச் சத்தம்தான் போனது என்றாரா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எழிலரசியிடம் சொல்லாமல் அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போய் காதைச் சோதித்துக்கொண்டான். பர்ஃபெக்ட் என்றார்கள். அப்படியானால் வீட்டில் ஏன் கேட்கவில்லை? காதைச் சோதித்த மெஷின்தான் சரியில்லையோ என்று அதையும் சந்தேகப்பட்டான்.

சனிக்கிழமை மகள் வெண்பா பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த டபுள் பேஸை எடுத்தாள். ஆர்க்கெஸ்ட்ரா ஆடிஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய வயலின் போல, அவளைவிட உயரமாக இருந்த அந்த வாத்தியத்தை ஸ்பீக்கர் பக்கத்தில் சாய்த்து நின்று வாசிக்க ஆரம்பித்தாள். வேலுமணி சோபாவில் இருந்தபடி கவனித்தான். மேல் ஸ்வரங்கள் நன்றாகக் கேட்டன. கீழே இறங்கியபோது ஒரு ஸ்வரம் அப்படியே காணாமல் போனது. வில் இழுபடுகிறது, தந்தி அதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. இதில் ஆம்ப்பும் இல்லை, ஒயரும் இல்லை. அப்போது காதுதான்.

"கண்ணு, அத நல்லா அழுத்தி வாசி."

"ஐ ஆம், அப்பா!"

எழுந்து அவளை நோக்கி நடந்தான். பாதி தூரம் போவதற்குள் சத்தம் திரும்ப வந்துவிட்டது. சோபாவுக்கே திரும்பினான், போய்விட்டது. சோபாவுக்குப் பின்னால் சுவர் வரை போனான், தரையே அதிர்கிற மாதிரி கேட்டது.

"நிறுத்தாத. அதையே வாசிச்சிட்டிரு."

"வை ஆர் யூ வாக்கிங் லைக் தட்?" என்றாள் வெண்பா, வில்லை நிறுத்தாமல்.

அவன் எழிலரசியைக் கூப்பிட்டு சோபாவில் உட்கார வைத்தான். அவள் ஈரக்கையோடு உட்கார்ந்து மகளையே பார்த்தாள்.

"ஏனுங்க, அவ வாசிக்கறாளா, சும்மா இழுக்கறாளா?"

காதும் இல்லை, ஆம்ப்பும் இல்லை; சமையலறையில் இடித்த அதே சத்தம் சோபா கிடந்த இடத்தில் மட்டும் அமுங்கிப்போகிறது. வேலுமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். காதுக்குப் பயந்து சோதனைக்குப் போனதை அப்போதுதான் சொன்னான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க" என்று அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள் அவள். பிறகு அவன் கையைப் பிடித்தவள் வெகு நேரம் விடவில்லை.

மூவருமாகச் சோபாவைப் பின்கதவுப் பக்கச் சுவரோரம் தள்ளினார்கள். ஆம்ப்களை மாற்றி மாற்றி மாட்டினான். இப்போது இரண்டிலும் பேஸ் இருந்தது. தவிலுக்குப் பெரியது நன்றாக இருந்தது, குரலுக்குச் சின்னது. எழிலரசி சின்னதைக் காட்டினாள்: "இதுல சூடு கம்மிங்க. டெக்சஸ் வெயிலுக்கு அந்தச் சூடு வேற எதுக்கு?" வெண்பா பெரியதைக் காட்டினாள்: "திஸ் ஒன். பேஸ் நோட் முடிஞ்ச உடனே இட் ஸ்டாப்ஸ். அதுல இழுத்துட்டே இருக்கு."

அங்கிளுக்கு போன் செய்தான். "ரெண்டுலயும் பேஸ் இருக்குங்க அங்கிள்."

"பேஷ்! எத வெச்சுக்கறேள்?"

"அதாங்க தெரியலை."

கடைசியில் மகள் பேச்சைக் கேட்டுப் பெரியதை வாங்கிக்கொண்டான். சின்னதை அங்கிள் காரில் ஏற்றும்போதுகூட, தப்பு செய்கிறோமோ என்று ஒரு கணம் அதிலிருந்து கையை எடுக்காமல் நின்றான். கார் தெருமுனை திரும்பியது. உள்ளே வந்தபோது எழிலரசி சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒண்டி நின்றுகொண்டிருந்தாள்.

"பேஸ் சரிங்க. இனி பின்கதவ எப்படித் திறக்கறது?"