மார்லிஸின் இடது கன்னம்

இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு "வழவழன்னு இருக்கு" என்றாள் என் மனைவி மார்லிஸ். அவள் விரல்கள் அப்போதுதான் ஒரு மேட்டைத் தாண்டிப் போயிருந்தன. பின்னாலேயே நான் கட்டைவிரலால் தடவினேன். மேடு இருந்தது, விமானத்தின் உடலோடு இறக்கை சேரும் இடத்தில், நகத்தின் கனத்துக்கு. காகிதத்தின் விளிம்பைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிற விரல்கள் அவளுடையவை. "ஆமா" என்றேன்.

போன குளிர்காலத்தில் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து நோயை விரட்டியது. போகிற போக்கில் அவள் விரல்நுனிகளையும் மரக்க வைத்துவிட்டது என்று எனக்குச் சந்தேகம். காபிக் கோப்பை கைநழுவி விழும்போதெல்லாம் கோப்பையின் பிடியைத் திட்டுவாள். நானும் சேர்ந்து திட்டுவேன்.

இந்த விமானம் அவளுடையது, தானே ஏறிப் பறக்க எங்கள் கொட்டகையில் அவள் கட்டுவது. முப்பது வருடம் மின்னசோட்டா பனியில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், ஓய்வு பெற்ற மறுநாளே நுரைக்கட்டை வாங்க ஆள் அனுப்பினாள். அந்த ஆள் நான்தான். தபால்காரனாக இருந்து பழகிய கால், சொன்ன இடத்துக்குப் போய்வரும். ஏழு வருடமாக அவள் நுரையை இறக்கையாக அறுத்து, கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்துப் போர்த்தி, மேலே பள்ளம் நிரப்பும் பூசுமாவு பூசித் தேய்த்தாள். இந்த வசந்தம் முழுக்கத் தேய்ப்புதான். நான் எங்காவது போய்விட்டுக் கொட்டகைக்குத் திரும்பினால் அவள் இடது கன்னத்தில் மட்டும் வெள்ளைத் தூள் அப்பியிருக்கும். "ரொட்டிக்கு மாவு பிசைஞ்சியா அம்மணி?" என்று கேலி செய்வேன். அவசரமாகத் துடைத்துக்கொள்வாள்.

அந்த மேட்டோடு வண்ணம் அடித்துவிட்டால் கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளையில் ஊருக்கே தெரியும். அவள் விரல் ஏமாற்றியதும் அவளுக்கே தெரிந்துவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை. ஞாயிறு காலை அவள் தேவாலயத்தில் பாடப் போனதும் உப்புத்தாள் ஒட்டிய நீளத் தேய்ப்புக்கட்டையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நானே சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவதாகத் திட்டம். முதலில் சாம்பல் நிற அடிப்பூச்சு போனது, அப்புறம் வெள்ளை மாவு. மேடு கரைகிற சந்தோஷத்தில் இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். கட்டையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையகலத்துக்குத் துணியின் நெசவு தெரிந்தது. இழைகள் அறுந்து மினுமினுத்தன. இறக்கைக்குப் பலமே அந்தத் துணிதான்.

பூசுமாவு கலக்கினேன். மேலே பூசி வண்ணமும் ஏறிவிட்டால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. ஆனால் அந்த இறக்கையை நம்பி மேலே போகப்போகிறவள் அவள். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். மாவு கிண்ணத்திலேயே சூடாகி இறுகிக் கல்லானது.

பாடகர் அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"என்ன கிழவா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

காட்டினேன். கையால் தொடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து இடது கன்னத்தை இறக்கைமேல் வைத்து, கண்ணை மூடி, மெல்ல நகர்த்தினாள்.

"ரெண்டு அடுக்குத் துணியும் அறுந்துபோச்சு வெர்லின்."

"உன் விரலுக்கு அந்த மேடு தெரியலயேன்னு..."

"தெரியல. நவம்பர்லேருந்தே ஒண்ணும் தெரியல. ஆனா கன்னத்துக்கு மருந்து எட்டல. அன்னிக்கு நீ அந்தப் பக்கம் போனதுமே கன்னத்தை வச்சு அந்த மேட்டைக் கண்டுபிடிச்சுட்டேன். துணிமேல துணி ஏறின இடம் அது. அதைத் தேய்க்கவே கூடாது, ரெண்டு பக்கமும் மாவை ஏத்திச் சமமாக்கணும். நாளைக்குப் பூசலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்னைப் பறக்க விடமாட்டே."

விட்டிருக்கவே மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மரத்துப்போன கையால எப்படி ஓட்டுவே?"

"பஸ்ஸை மட்டும் கையாலயா ஓட்டினேன்? பனியில சக்கரம் வழுக்கினா முதல்ல தெரியறது உக்கார்ற இடத்துக்குத்தான். விமானம் ஓட்டக் கத்துக்குடுக்கற ஆசிரியர் ஒருத்தரைக் கூட்டிட்டு ஏறுறேன். அவர் வேணாம்னு சொன்னா இறங்கிடுறேன். போதுமா?"

போதவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன். "சும்மா ஆட்டாதே, கத்தரியை எடு" என்றாள். அவள் அளவு சொல்ல, நான் துணி வெட்டினேன். அதைப் பிசினில் ஒட்டி, மேலே பூசிய மாவு இறுகியதும் இரண்டு வாரம் மறுபடி தேய்த்தோம். இந்த முறை என் விரல் முன்னால் போனது, அவள் கன்னம் பின்னால் வந்தது.

ஒரு ஜூன் மாதக் காலையில், தூசி அடங்கத் தரையை நனைத்துவிட்டு, அவள் வெள்ளை அடித்தாள். மறுநாள் என்னைக் கைநீட்டிக் கூப்பிட்டாள்.

"கன்னத்தை வை. ஒட்டுப்போட்ட இடத்துல."

வைத்தேன். மீசை உறுத்தாமல் பக்கவாட்டில். இறக்கையின் அந்தப் பக்கம் அவளும் குனிந்து கன்னம் வைத்தாள். முகத்துக்கு முகம் ஒரு சாண்.

"மேடு தெரியுதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தெரியுது. கொஞ்சூண்டு."

"எனக்கும்" என்றாள். சிரித்தாள். ஆனால் தேய்ப்புக்கட்டையைக் கேட்கவில்லை, தலையையும் எடுக்கவில்லை. எங்களுக்கு நடுவே, குளிர்ந்த வெள்ளையின்மேல் எங்கள் மூச்சு இரண்டு வட்டமாகப் படிந்து, சுருங்கி, மறுபடி படிந்தது.