கடை வாசலில் சறுக்கிய கார்

எங்கள் தெருவில் நடந்த சைக்கிள் பந்தயத்தில், அப்பாவின் சைக்கிள் கடை வாசலில் விழுந்து, தையல்காரர் மகனுக்குக் கை முறிந்தது. அத்தை மகள் சுண்டுதான் அவனைத் தள்ளிவிட்டாள் என்று அவளைப் பள்ளி அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். "என் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னவர் என் அப்பா. சொந்த மாமாவே சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

அந்தப் பந்தயத்தையே ரோபோ கார்களை வைத்துச் செய்துகாட்ட டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். வகுப்புத் தரையில் வெள்ளை அட்டையில் தெரு, நடுவில் அடுத்தடுத்து இரண்டு கறுப்புக் கோடுகள். கோட்டைப் பார்த்தே ஓடும் கார்கள். அவரவர் வீட்டு வாசலை அவரவர் பிள்ளைகள் செய்திருந்தார்கள். எங்கள் சைக்கிள் கடை வாசல் என் தங்கை குட்டியின் வேலை. நான் படிப்பை விட்டவள். பார்க்க வந்த பெற்றோர்களோடு தையல்காரரும் அத்தையும் இருந்தார்கள்; நான் அப்பாவோடு கதவோரம் நின்றேன்.

சுண்டுவின் சிவப்புக் கார் நன்றாகத்தான் வந்தது. எங்கள் கடை வாசலில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிப் பக்கத்துக் காரை இடித்துக் கவிழ்த்தது.

"பொம்மைக்கும் அதே புத்தி!" என்றார் தையல்காரர். எல்லாரும் சிரித்தார்கள். சுண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் வேறொரு காரை விட்டார். அதுவும் அதே இடத்தில் சறுக்கியது. இன்னொன்று. அதுவும். டீச்சர் குனிந்து அட்டையைத் தொட்டு விரலைப் பார்த்தார்.

"குட்டி, இங்க என்னடி ஊத்தியிருக்க?"

"எண்ணெய், டீச்சர். தூசி அடங்கட்டும்னு செயின் கழுவின எண்ணெயை அப்பா வாசல்லதான ஊத்துவாரு? அன்னைக்கும் ஊத்தினாரு. இருந்தபடியே செய்யணும்னு நீங்கதான சொன்னீங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது. பந்தயம் முடிந்த கையோடு அப்பா அவசர அவசரமாக வாசலில் மணல் தூவியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு அன்றைக்கே தெரியும்.

சுண்டு காரைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மாமா, பார்த்தேன்னு சொன்னீங்களே?"

அப்பா டீச்சரைப் பார்த்துத்தான் பேசினார்.

"இவ தள்ளல, டீச்சர். வண்டி சறுக்குச்சு. அதைத்தான் பார்த்தேன். இவ பேரை மறுபடியும் அணியில சேர்த்துக்குங்க."

தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கத்தப்போகிறாள் என்று அத்தையைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை.

"கூடப்பிறந்தவன்னு நம்பினேன்டா," என்றாள், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி. மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு அப்பாவைத் தாண்டி வெளியே போனாள்.

யாரும் நிறுத்தாததால் கவிழ்ந்த காரின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் தப்பா செஞ்சுட்டேனா?" என்றாள் குட்டி.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் பிசுபிசுத்தது.