தோல் மூடி

வாய்க்குழாயில் இருந்த ரப்பர் மூடிகள் இரண்டும் முறுக்குப்போல் நொறுங்கியிருந்தன. நல்லுசாமி அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டை முடிந்து பட்டாளத்துக் கழிவாக ஏலத்துக்கு வந்த, தண்ணீருக்குள் மூச்சுவிடும் சாமான் அது. மார்பில் ஒரு பை, முதுகில் ஆக்சிஜன் உருளை, நடுவில் சுண்ணாம்பு டப்பா. மூழ்குகிறவன் விட்ட மூச்சு சுண்ணாம்புக்குள் போய்ச் சுத்தமாகி மறுபடி அவனுக்கே வரும். வந்த வழியே மூச்சைத் திரும்பவிடாமல் தடுப்பதுதான் அந்த மூடிகளின் வேலை.

மூழ்குகிறவன் சோலைமுத்து, நல்லுசாமி மனைவி சண்முகவள்ளியின் தம்பி. கயிறு பிடிப்பதும் சாமானைப் பார்ப்பதும் நல்லுசாமி. மறுநாள் பொன்னுத்துரையின் கிணற்றில் இறங்க வேண்டும். மோட்டார்க் குழாயின் அடிவால்வு சேற்றில் அடைத்து, ஒரு வாரமாய்த் தண்ணீர் ஏறாமல் தக்காளிச் செடி தலை தொங்கிக் கிடந்தது.

நாகல் நகர் லாரி சாமான் கடையில் டியூப் ரப்பரில் வெட்டிய மூடிகள் கிடைத்தன. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் வேலுசாமி மெல்லிய ஆட்டுத்தோலில் இரண்டு வெட்டிக் கொடுத்திருந்தான். வீட்டில் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ரப்பர் ஒவ்வொரு மூச்சுக்கும் டக், டக் என்று அடித்தது.

"என்ன மச்சான், உள்ள பல்லி வளக்குறீங்களா?" என்றான் சோலைமுத்து.

தோலுக்குச் சத்தமே இல்லை.

"இது தேவல. பொண்டாட்டி இல்லாத வீடு மாதிரி இருக்கு."

"மொதல்ல ஒனக்கு ஒருத்தி வரட்டும்லே, அப்பறம் பேசு" என்று அடுப்படியிலிருந்து சண்முகவள்ளி குரல் கொடுத்தாள்.

நொறுங்கிக் கிடந்ததும் ரப்பர்தானே என்று நல்லுசாமி நினைத்தான். அவன் அப்பன் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கமலையின் தோல்வால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கிணற்றுத் தண்ணீரில் கிடக்கும். ஊற ஊறத்தான் அது ஒழுகாது.

"தோலுக்குத் தண்ணிதான் மாப்ள உசுரு."

"நீங்க சொன்னாச் சரி. ஒங்க கைதான என் மூக்கு."

காலையில் சோலைமுத்து இறங்கினான். நல்லுசாமி ஐம்பது எண்ணுவதற்குள் கயிற்றில் ஓர் இழுப்பு வர வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. நாலு இழுப்பு சுருக்காய் வந்தது. ஐந்தாவது தூக்கக் கலக்கத்தில் இழுத்ததுபோல் வந்தது. நல்லுசாமி கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

"செத்த நேரம் விடப்பா, வேலை முடியட்டும்" என்றார் பொன்னுத்துரை.

விட்டான். ஆறாவது வரவில்லை.

மேலே தூக்கியபோது சோலைமுத்துவின் முகம் சிவந்திருந்தது. கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

நல்லுசாமி வாய்க்குழாயைப் பிரித்தான். மூச்சின் ஈரத்தில் ஊறிய தோல் சுருண்டு, ஆட்டுக் காதுபோல் தூக்கிக்கொண்டு நின்றது. விட்ட மூச்சையே அவன் இழுத்திருக்கிறான், இழுத்து இழுத்து மயங்கியிருக்கிறான். கமலை வாலைத் தண்ணீரின் கனம் அமுக்கும். இதை அமுக்க ஒரு மனுசனின் மூச்சு மட்டுமே இருந்தது.

"கெணத்து முனி அடிச்சிருச்சு" என்றார் பொன்னுத்துரை. சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். வண்டியில் வீடு வந்து சேர்வதற்குள் ஊருக்கே அது முனியாகிவிட்டது. சண்முகவள்ளியும் முனியைத்தான் ஏசி ஏசி அழுதாள்.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் நல்லுசாமி அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"முனி இல்ல வள்ளி. இதுதான். நாந்தான் போட்டேன்."

அவள் கையில் அந்தத் தோல் மூடியை வைத்தான். மூன்று நாளில் காய்ந்து அது மறுபடி தட்டையாகியிருந்தது. அவள் புரட்டிப் பார்த்தாள். குழாய் வாயில் வைத்தும் பார்த்தாள். கச்சிதமாய்ப் பொருந்தியது.

"நல்லாத்தான இருக்கு" என்றாள்.

"நனச்சுப் பாரு" என்று நல்லுசாமி தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.